மைனஸ் ஒரு நொடியில் பந்து எங்கே இருந்தது?

மொட்டைமாடி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பொண்ணு பதினொன்னாம் வகுப்பு. நேத்து ராத்திரி ஒரு கணக்கால வீட்டுல பஞ்சாயத்து. கணக்கு இதுதான்: 15 மீட்டர் உயர மாடியிலிருந்து ஒரு பந்தை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறோம். எப்போது தரைக்கு வரும்? ஈர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கு.

நேரத்துக்கு "டி" போட்டாள். −15 = 10டி − 5டி². சுருக்கினால் டி² − 2டி − 3 = 0. விடை 3, −1. ட்யூஷன்ல "நேரம் மைனஸ்ல வராது, அடிச்சிடு"ன்னு சொல்லிட்டாங்க. அவள் என்கிட்ட வந்து, "வராதுன்னா அப்புறம் எதுக்கும்மா வந்துச்சு?"ன்னு கேட்டா. நான் பி.எஸ்சி. கணிதம் படிச்சவதான். இருபது வருஷம் வவுச்சர் கூட்டிக் கழிச்சதுல எல்லாம் போச்சு. "அடிச்சிடுன்னு சொன்னா அடிச்சிட வேண்டியதுதானே"ன்னு சொல்லிட்டேன். சொன்னதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. யாராவது சொல்லுங்களேன்.

கட்ஆஃப்200

அக்கா, அடிக்கச் சொன்னது சரிதான். நான் நீட், ஜேஇஇ பசங்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஒரு கேள்விக்கு ஒன்னு, ரெண்டு நிமிஷம்தான் கிடைக்கும். மைனஸ் நேரம் வந்தா அடி, அடுத்த கேள்விக்குப் போ. தத்துவ விசாரணை எல்லாம் பரீட்சை முடிஞ்சு வெச்சுக்கலாம்.

கரும்பலகை

நான் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன். அம்மா, உங்கள் மகள் கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. முப்பது வருஷ சர்வீஸில் இதைக் கேட்ட பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சமன்பாட்டிடம் நாம் என்ன சொன்னோம் என்று பாருங்கள். "பந்து எப்போதும் 10 முடுக்கத்தில் கீழ்நோக்கி இழுக்கப்படுகிறது. டி பூஜ்யமாக இருக்கும்போது மாடி உயரத்தில் இருக்கிறது, மேல்நோக்கி 10 வேகத்தில் போகிறது." அவ்வளவுதான். அந்த நொடிக்கு முன்னால் பந்து ஒரு கையில் இருந்தது என்று நாம் சொல்லவே இல்லை. கை என்ற ஒன்று அந்த வரியில் எங்கேயும் கிடையாது. அதனால் சமன்பாட்டைப் பொறுத்தவரை பந்து அதற்கு முன்னாலும் பறந்துகொண்டுதான் இருந்தது. "எப்போது தரையில் இருந்தது?" என்று கேட்டோம். "3 நொடி கழித்து இருக்கும், 1 நொடி முன்னாலும் இருந்தது" என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டது.

சரிபார்க்கலாம். டி = −1 என்றால் வேகம் 10 − 10 × (−1) = 20, மேல்நோக்கி. இப்போது மகளை ஒரு புதுக் கணக்குப் போடச் சொல்லுங்கள். தரையிலிருந்து ஒருவர் 20 வேகத்தில் பந்தை மேலே எறிகிறார். 1 நொடியில் அது எவ்வளவு உயரம் போயிருக்கும்? 20 − 5 = 15 மீட்டர். உங்கள் மாடி! அங்கே அதன் வேகம் 20 − 10 = 10. உங்கள் மகள் எறிந்த அதே வேகம். மாடியில் நின்று எறிந்த பந்தையும், தெருவில் நின்று ஒரு நொடி முன்னால் எறிந்த பந்தையும் அந்தக் கணத்துக்குப் பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. −1 தெருவில் நின்றவர் பந்துக்கான விடை.

விடைத்தாளில் 3 என்று எழுதட்டும். "நேரம் மைனஸில் வராது" என்று எழுத வேண்டாம். "எறிந்த பிறகு நடப்பதுதான் கேள்வி, ஆகவே 3" என்று எழுதட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

மொட்டைமாடி

ஐயா, இப்பவே அவளை எழுப்பிச் சொல்லணும் போல இருக்கு. மணி பதினொன்னரை, வேண்டாம்.

வடமராட்சி

கரும்பலகை ஐயா சொன்னதை ஒருக்கால் கீறிப் பாருங்கோ. நாங்கள் உயர்தரம் படிக்கேக்கை எங்கட மாஸ்டர் சமன்பாட்டை எழுத முதல் வரைபு கீற விட்டுத்தான் மற்ற வேலை. நேரத்தைக் கிடையாகவும் உயரத்தைக் குத்தாகவும் எடுத்தால் ஒரு கவிழ்த்த பரவளைவு வரும். உச்சி டி = 1 இல், தரையிலிருந்து 20 மீட்டரில். அந்த வளைவு தரைக் கோட்டை வெட்டுற இடம் ரெண்டு: உச்சிக்கு 2 செக்கன் பிறகு, உச்சிக்கு 2 செக்கன் முதல். அதுதான் 3, −1. வளைவை அரைவாசியில் வெட்டினால்தான் −1 காணாமல் போகும். வெட்டினது நாங்கள், சமன்பாடு இல்லை.

இன்னொண்டு. இதை எங்கட பக்கத்துப் பிள்ளைகள் வாசிச்சால் குழம்பிப் போடுங்கள். உங்கட "திசைவேகம்" எங்களுக்கு வேகம். உங்கட "வேகம்" எங்களுக்குக் கதி. முடுக்கம் எண்டுறது ஆர்முடுகல். பரவளையம் எண்டால் பரவளைவு. பந்துக்கு மட்டும் ரெண்டு கரையிலும் ஒரே பேர்.

கட்ஆஃப்200

அழகா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா ஒன்னு கேக்கறேன். பந்து கணக்கு வசதியான உதாரணம். வர்க்கமூலம் இருக்கிற சமன்பாட்டுல ரெண்டு பக்கமும் வர்க்கப்படுத்தும்போது நாமளே ஒரு பொய் மூலத்தை, அதாவது பொய் விடையை, உள்ள விட்டுடறோம். அதுக்கு என்ன கதை சொல்வீங்க? அது நிஜமாவே குப்பைதானே?

கிணத்துமேடு

குப்பைங்களா? எங்கூர்க் கெணறு ஒன்னு தர்றனுங்க, அதுல போட்டுப் பாருங்க.

எங்க அப்புச்சி கெணத்துல கல்லப் போட்டு, சத்தம் வர்ற வரைக்கும் எண்ணித்தான் ஆழஞ் சொல்லுவாரு. தண்ணி மட்டம் வரைக்கும்னு வெச்சுக்குங்க. நான் இஞ்சினியரிங் சேர்ந்தப்புறம் ஒரு லீவுல ஸ்டாப்வாட்ச்ச எடுத்துட்டுப் போனேன். கல்ல உட்டதுல இருந்து "டொம்"னு கேக்கறதுக்கு 3 செகண்டு. ஒடனே 5 × 3 × 3 = 45 மீட்டருன்னேன். அப்புச்சி சிரிச்சாரு, அவ்ளோ இல்லைன்னாரு. சத்தம் மேல வர்றதுக்கும் நேரமாகும்ங்கறத நான் மறந்துட்டேன்.

செகண்டுக்கு 340 மீட்டர்னு சத்தத்த வெச்சா, 45 மீட்டர் ஏறி வர 0.13 செகண்டு. அப்போ கல்லு உழுந்த நேரம் 3 இல்லீங்க, 2.87தான். 5 × 2.87 × 2.87 போட்டா 41 சொச்சம். திருப்பி அந்த 41க்கு சத்தத்தோட நேரம் எடுத்தா 0.12. 2.88ஐ வர்க்கம் பண்ணி 5 ஆல பெருக்குனா 41.4 சொச்சம். அதுக்கப்புறம் எத்தன சுத்து சுத்துனாலும் அதே 41.4தான் நிக்குது. 136 அடிங்க. சூத்திரமே தொடாம வந்துருச்சு. கயிறு உட்டு அளந்தப்போ ஒரு முழம் முன்னப் பின்ன சரியா இருந்துச்சு.

இப்போ முறைப்படி போடறேன். ஆழம் "ஆ" மீட்டர்.

√(ஆ/5) + ஆ/340 = 3

வர்க்கமூலத்த ஒரு பக்கம் நிறுத்தி, ரெண்டு பக்கமும் வர்க்கம் பண்ணி, இருபடியாக்கித் தீர்த்தா ரெண்டு விடை வருதுங்க. ஒன்னு 41.4. இன்னொன்னு சுமார் 25,100 மீட்டர். 25 கிலோமீட்டர் ஆழத்துல எந்த ஊர்லீங்க கெணறு இருக்குது? திருப்பி மொதல் வரியில போட்டா நிக்கவும் மாட்டீங்குது: 71 + 74, எங்க 3 வருது? இதுக்குக் கதை சொல்லுங்க பாக்கலாம் வாத்தியாரய்யா.

இரவுப்பணி

கரும்பலகை ஐயா தூங்கியிருப்பார், நான் முயற்சி செய்கிறேன். லேபில் வேக்யூம் இறங்குவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன், நாலு மணி நேரம் வேறு வேலை இல்லை.

கிணத்துமேடு அண்ணா, நீங்களே விடையைக் கையில் வைத்திருக்கிறீர்கள். 71 + 74 என்பதற்குப் பதில் −71 + 74 போடுங்கள். 3 வந்துவிட்டதா? வர்க்கப்படுத்தியபோது சமன்பாடு மறந்தது ஒன்றே ஒன்றைத்தான்: கல் விழுந்த நேரத்தின் குறி. அதாவது "கல் தண்ணீரில் இருந்தது 71 நொடி கழித்தா, 71 நொடி முன்பா" என்பதை.

முன்பு என்றால்? மேலே மாடிக்கு வந்த அதே கதைதான். நீங்கள் கிணற்று விளிம்பில் கல்லை விட்டதாக நினைக்கிறீர்கள். சமன்பாட்டுக்கு உங்கள் கை தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம், "டி பூஜ்யத்தில் கல் விளிம்பில் ஒரு கணம் அசையாமல் நின்றது" என்பது மட்டும். அப்படியானால் அந்தக் கல் கீழேயிருந்து மேலே எறியப்பட்டு, சரியாக விளிம்பில் வந்து நின்ற கல்லாகவும் இருக்கலாம்.

ஆகவே கணக்கு இப்படி மாறுகிறது. 25 கிலோமீட்டர் ஆழத்தில், தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு கல் "டொம்" என்ற சத்தத்தோடு மேலே கிளம்புகிறது. நொடிக்கு சுமார் 709 மீட்டர் வேகம். 71 நொடியில் கல் விளிம்புக்கு வந்து நிற்கிறது. அதே கணத்தில் கிளம்பிய சத்தம் 74 நொடி எடுத்துக்கொள்கிறது. கல் வந்து 3 நொடி கழித்துத்தான் உங்கள் காதில் "டொம்". ஸ்டாப்வாட்ச் காட்டுவது அதே 3.

எப்படிக் கல் சத்தத்தை முந்துகிறது என்றால், கிளம்பும்போது அதன் வேகம் ஒலியைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். சீராக வேகம் குறைந்து விளிம்பில் பூஜ்யம் ஆவதால் சராசரி அதில் பாதி, அதாவது சுமார் 354. சத்தத்தின் 340ஐ விட ஒரு துளி அதிகம். அந்தத் துளிதான் 3 நொடி வித்தியாசம். காற்றுத் தடையை நாம் சமன்பாட்டிடம் சொல்லவில்லை, அதனால் அது கண்டுகொள்ளவும் இல்லை.

கிணத்துமேடு

அட சாமி. 25 கிலோமீட்டர் கெணத்துக்கு அடியில நின்னு துப்பாக்கி சுடற மாதிரி ஒருத்தன் கல்லெறியறான், நான் மேல நின்னு கடியாரம் பாத்துட்டு இருக்கேன். அப்புச்சி இருந்திருந்தா "அவனெப் புடிச்சுட்டு வா, தூர்வாரச் சொல்லலாம்"னிருப்பாரு.

மொட்டைமாடி

காலையில டிபன் பாக்ஸ் கட்டிக்கிட்டே ரெண்டு பதிலையும் வாசிச்சுக் காட்டினேன். தோசை கருகிடுச்சு. "ட்யூஷன்ல இதைச் சொல்லட்டுமா?"ன்னு கேக்கறா. சொல்லலாமா வேண்டாமான்னு எனக்குத் தெரியல.

ஓலைச்சுவடி

நான் கணக்கு ஆள் இல்லை, கணக்கின் வரலாறு படிக்கிறவன். "இந்த மூலத்தை அடிக்கலாமா" என்ற சண்டை 800 வருஷத்துக்கும் மேல் பழையது. இரண்டாம் பாஸ்கரர் 1150 வாக்கில் எழுதிய பீஜகணிதத்தில் குரங்குக் கணக்கு இரண்டு வருகிறது.

முதலாவது: ஒரு குரங்குக் கூட்டத்தில் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் தோப்பில் குதித்து விளையாடுகிறது. மீதி 12 குன்றின் மேல் இருக்கின்றன. மொத்தம் எத்தனை? 16 என்றால் 2 × 2 + 12 = 16, சரி. 48 என்றால் 6 × 6 + 12 = 48, அதுவும் சரி. இரண்டையும் விடையாக ஏற்கிறார்.

இரண்டாவது: கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து 3ஐக் கழித்து, வர்க்கப்படுத்தினால் வரும் அத்தனை குரங்குகளும் குகைக்குள் போய்விட்டன. ஒன்று மட்டும் கிளையில் தெரிகிறது. 50 சரி: 10 − 3 = 7, 49 + 1. ஆனால் 5ம் சரிதான்: 1 − 3 = −2, வர்க்கம் 4, 4 + 1 = 5. கணக்கு எங்கேயும் இடிக்கவில்லை. ஆனாலும் 5 வேண்டாம் என்கிறார். நடுவில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து 3ஐ எடுக்கும்போது மைனஸில் போகிறது, அப்படி ஒரு குரங்கு எண்ணிக்கையை உலகம் ஒப்பாது என்பது அவர் காரணம்.

எனக்கு இதில் பிடித்தது, 5 வந்ததை அவர் மறைக்கவில்லை. எழுதினார், சோதித்தார், காரணம் சொன்னார், பிறகு விட்டார்.

கட்ஆஃப்200

குரங்கு கணக்கு எனக்கு சாதகமாத்தான் இருக்கு! பாஸ்கரரே அடிச்சிட்டாரு பாருங்க.

ஃபியூஸ்கேரியர்

மின்சாரத் துறையில் 22 வருஷமா இருக்கேன். நீங்க எல்லாம் மைனஸ் மூலத்தைப் பத்திப் பேசறீங்க. ரெண்டு மூலமும் பிளஸ்ஸாவே வந்தா எதை அடிப்பீங்க?

10 வோல்ட் பேட்டரி, உள் மின்தடை 1 ஓம். வெளியே ஒரு கருவிக்கு 9 வாட் வேணும். மின்னோட்டம் "மி". பேட்டரி தர்றது 10மி, உள்ளேயே சூடாப் போறது மி². ஆக 10மி − மி² = 9. விடை 1 ஆம்பியர், 9 ஆம்பியர். ரெண்டும் நிஜம். பெஞ்ச்ல வெச்சு ரெண்டையும் அளந்து காட்டலாம். 9 ஓம் தடை மாட்டினா 1 ஆம்பியர், கருவிக்கு 9 வோல்ட் கிடைக்கும். ஒன்பதில் ஒரு ஓம் மாட்டினா 9 ஆம்பியர், கருவிக்கு வெறும் 1 வோல்ட். கருவிக்குப் போறது ரெண்டுலயும் அதே 9 வாட்தான். ஆனா ரெண்டாவதுல பேட்டரிக்குள்ள 81 வாட் சூடு. தொட்டுப் பார்த்தா எது எந்த மூலம்னு கையே சொல்லும்.

இதையே 26 வாட் கேட்டுப் பாருங்க. 10மி − மி² = 26. தன்மைக்காட்டி, அதாவது சூத்திரத்துல வர்க்கமூலத்துக்குள்ள வர்ற எண், 100 − 104, மைனஸ். மெய் மூலமே கிடையாது. அதுக்கு அர்த்தம் "கணக்கு தப்பு" இல்ல, "இந்த பேட்டரியால 26 வாட் தர முடியாது, போ"ன்னு அர்த்தம். 25தான் உச்சம். நீளமான லைன்ல கடைசி ஊருக்கு லோடு ஏத்திக்கிட்டே போனா நடக்கறது கிட்டத்தட்ட இதுதான். ஒரு எல்லை வரைக்கும் வோல்டேஜ் மெதுவா இறங்கும், அப்புறம் மூலமே இல்லாம சரியும். மாற்று மின்சாரத்துல கணக்கு இன்னும் சிக்கல், ஆனா ஆணிவேர் இந்த இருபடிதான்.

கிணத்துமேடு

ஏனுங், லோ வோல்டேஜுல மோட்டாரு காயில் பொசுங்கறதும் இந்த ரெண்டாவது மூலந்தானுங்களா? போன கோடையில எனக்கு ரெண்டு தடவ ரீவைண்டிங்.

ஃபியூஸ்கேரியர்

அப்படியே அதே மூலம்னு சொல்லிட முடியாதுங்க, மோட்டார் வெறும் தடை இல்ல. ஆனா உறவுக்காரன். தண்ணியைத் தூக்கற வேலை குறையாது, வோல்டேஜ் குறையுது, அப்போ அதே வேலைக்கு மின்னோட்டம் கூடியாகணும். அது கூடினா லைன்ல இழப்பு கூடும், வோல்டேஜ் இன்னும் இறங்கும். காயில்ல சூடு மின்னோட்டத்தோட வர்க்கம். 1 ஆம்பியர் ஒன்றரை ஆனா சூடு ரெண்டே கால் மடங்கு. ரிலே சரியா செட் பண்ணியிருக்கான்னு பாருங்க.

இரவுப்பணி

கட்ஆஃப் அண்ணா, பாஸ்கரர் உங்கள் கட்சி என்றால் இயற்பியலாளர் பால் டிராக் எங்கள் கட்சி.

சார்பியலில் ஒரு துகளின் ஆற்றலுக்கு நேரடியாகச் சமன்பாடு வராது, ஆற்றலின் வர்க்கத்துக்குத்தான் வரும். ஆற்றல்² = (உந்தம் × ஒளிவேகம்)² + (நிறை × ஒளிவேகம்²)². வர்க்கமூலம் எடுத்தால் பிளஸ், மைனஸ் இரண்டும். பழைய இயற்பியலில் மைனஸை அடித்துவிட ஒரு நியாயம் இருந்தது: பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே ஒரு பள்ளம், துகளின் ஆற்றல் தொடர்ச்சியாகத்தான் மாறும், தாண்டிக் குதிக்காது. பிளஸில் தொடங்கியது பிளஸிலேயே இருக்கும். குவாண்டத்தில் அந்த நியாயம் செல்லாது. எலக்ட்ரான் குதிக்கும்.

1928இல் டிராக் எழுதிய சமன்பாட்டில் வர்க்கமே கிடையாது, அப்படித்தான் பார்த்துப் பார்த்து அமைத்தார். அப்படியும் மைனஸ் ஆற்றல் விடைகள் திரும்ப வந்து நின்றன. 1930இல் அதை புரோட்டானாக இருக்குமோ என்று பார்த்தார். புரோட்டான் எலக்ட்ரானைவிட 1836 மடங்கு கனம், ஒட்டவில்லை. 1931இல், எலக்ட்ரானின் நிறையும் அதற்கு நேர்மாறான மின்னூட்டமும் கொண்ட, யாரும் அதுவரை காணாத ஒரு துகள் என்றே எழுதினார். அடுத்த வருஷம், 1932இல், கார்ல் ஆண்டர்சன் காஸ்மிக் கதிர்களை முகில் அறையில் (துகள் போன தடம் கண்ணுக்குத் தெரியும் கருவி) படம் எடுத்தபோது, காந்தப்புலத்தில் எலக்ட்ரானுக்கு எதிர்ப்பக்கமாக வளைந்த ஒரு தடம் கிடைத்தது. பாசிட்ரான்.

கட்ஆஃப்200

தம்பி, டிராக்கைக் கொண்டுவந்து நிறுத்தினா யாரும் எதிர்த்துப் பேச முடியாதுன்னு தெரிஞ்சே பண்றீங்க. ஆனா ஒரு டிராக்குக்கு, அடிக்க வேண்டிய மைனஸ் ஒன்னு எத்தனை லட்சம் இருக்கும்? 17 வயசுப் பையன் ஒவ்வொரு மூலத்துக்கும் 25 கிலோமீட்டர் கிணறு தோண்டிட்டு இருந்தா சீட்டு போயிடும். சீட்டு போனா அவங்க அப்பா அம்மா உங்ககிட்ட வரமாட்டாங்க, என்கிட்டதான் வருவாங்க.

ஆனா ஒன்னு. இன்னிக்கு சாயங்கால பேட்ச்ல "நேரம் மைனஸ்ல வராது"ன்னு சொல்ல வாய் வரல. "கேட்டது எறிஞ்ச பிறகு"ன்னு மாத்திச் சொன்னேன். ரெண்டுக்கும் ஒரே நேரம்தான் ஆகுது.

கரும்பலகை

போதும். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மொட்டைமாடி

அவள் கணக்கை மாத்திட்டா. "தரையை எப்போ தொடும்னு கேட்டோம், சரி. மாடிக்கு மேல 25 மீட்டர் உயரத்தை எப்போ தொடும்னு கேட்டா?" 25 = 10டி − 5டி². சுருக்கினா டி² − 2டி + 5 = 0. தன்மைக்காட்டி மைனஸ் 16. பந்து மாடிக்கு மேல 5 மீட்டர்தான் போகும், அதனால 25ஐத் தொடாதுன்னு அவளே சொல்லிட்டா. ஃபியூஸ்கேரியர் சாரோட 26 வாட் மாதிரின்னு. ஆனா சூத்திரத்துல போட்டா 1 ± 2√(−1) வருது. "தொடவே தொடாதுன்னா அந்த 1 மட்டும் எதுக்கும்மா வந்துச்சு?" மறுபடியும் ஆரம்பிச்சுட்டா.

வடமராட்சி

அக்கா, நான் முதல் கீறச் சொன்ன வரைபைத் திரும்ப எடுங்கோ. உச்சி எங்கை? டி = 1. தொட ஏலாத உயரத்தைக் கேட்டாலும், ஆகக் கிட்டப் போற நேரம் எது எண்டு சொல்லிப்போட்டுத்தான் கைவிடுது.

இரவுப்பணி

அந்த 2க்கும் ஆள் இருக்கிறது. உச்சியில் பந்து நிற்கிறது. அந்தக் கணத்தில் ஈர்ப்பைத் தலைகீழாகத் திருப்பிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், பந்து மேல்நோக்கி "விழும்". உச்சி 5 மீட்டரில், கேட்டது 25 மீட்டரில். 20 மீட்டர் விழ எத்தனை நொடி? 5 × 2 × 2 = 20. சரியாக 2. உச்சியிலிருந்து எண்ணும் டி-யில் √(−1)ஐப் போட்டு வர்க்கப்படுத்தினால் 5டி²க்கு முன்னால் இருக்கும் குறி மாறுகிறது, ஈர்ப்பு திரும்பியதற்கும் அதற்கும் கணக்கில் வித்தியாசம் இல்லை. தாண்ட முடியாத சுவரை எலக்ட்ரான் ஊடுருவிப் போகும் கணக்கை இப்படித் தலைகீழாக்கித்தான் நாங்கள் போடுகிறோம். எங்களுக்கு அதை எம்.எஸ்சி.யில்தான் சொல்லித்தந்தார்கள்.

மொட்டைமாடி

வாசிச்சுக் காட்டினேன். ஒன்னும் பேசல. பேப்பரைத் தலைகீழாத் திருப்பி வெச்சு, பரவளையத்தோட உச்சியில இருந்து மேல ஒரு வளைவு வரைஞ்சுக்கிட்டு இருக்கா. நாளைக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட்.